ஊர்பேர் தெரியாதவளுக்கு ஒரு துட்டி

சீனித்தாய்க்கு ஆங்கிலமும் தெரியாது, சங்கீதமும் தெரியாது. உலகத்து ராக் ஆல்பங்களைக் கேட்டுக் கருத்துச் சொல்ல இந்த இரண்டு தகுதியும் தாராளமாகப் போதும் என்று அவள் மகள் ரம்யா முடிவு செய்துவிட்டாள்.

தூத்துக்குடியில் சீனித்தாய்க்கும் அவள் வீட்டுக்காரர் ஆறுமுகநயினாருக்கும் ஒரு பாத்திரக்கடை. கீழே கடை, மாடியில் வீடு. கல்யாணச் சீருக்கு அண்டாவும் குடமும் தாம்பாளமும் வாங்குகிறவர்கள் அதில் பேர் வெட்டித் தரச் சொல்வார்கள். பேர் வெட்டுகிற மெஷின் சீனித்தாயின் கையில்தான் இருக்கும். எவர்சில்வரில் ஊசி பட்டதும் பல் கூசுகிற ஒரு சத்தம் கிளம்பும். பழகாதவர்கள் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவார்கள். அவள் அந்தச் சத்தத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளை என்ன வேலை, பெண் என்ன படிப்பு என்று சாவகாசமாக விசாரித்துக்கொண்டிருப்பாள்.

ரம்யா துறைமுகத்துப் பக்கம் ஒரு ஏற்றுமதி ஆபீசில் வேலை பார்த்தாள். பகலெல்லாம் கன்டெய்னர் நம்பர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்ட ஆரம்பித்துவிடுவாள். கேட்டால் பங்க் என்பாள், ஆல்டர்நேட்டிவ் ராக் என்பாள். பெற்றவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிள்ளைக்குக் காதில் ஏதும் கோளாறோ என்று கவலைகூட இருந்தது. ஒருநாள் ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள்.

"ஏட்டி, பேர் வெட்டுத மெஷின வச்சா பாட்டுப் படிச்சிருக்கான்? ஊசி மழுங்கிட்டுன்னு அவன்ட்டச் சொல்லு" என்றாள்.

ரம்யா அதை போனில் பிடித்து யூடியூபில் போட்டாள். யாரோ சில பையன்கள் பார்த்துவிட்டு, அம்மாவை இன்னொன்று கேட்கச் சொல்லுங்கள் என்று எழுதினார்கள். அப்படித்தான் 'அம்மா கேக்காவ' என்ற சேனல் பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்தியதும் சீனித்தாய் முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு, மாடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவாள். காதில் ஹெட்போன். எதிரே போன். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர், எதற்கும் இருக்கட்டும் என்று.

முதலில் அவள் கேட்டது நாலு பையன்களின் ஆல்பம். ஒரு பாட்டு என்று காதைக் கொடுப்பதற்குள் அது முடிந்து அடுத்தது ஆரம்பித்துவிடும். "இவனுவளுக்கு எங்கயோ பஸ்ஸுக்கு நேரமாயிட்டு போல" என்றாள். "ஆனா ஒண்ணு. கூப்பாடு போட்டு முடிச்சதும் மனசுல ஒண்ணையும் வச்சிக்கிடாத பயலுவ. இந்த மாதிரி உள்ளவன நம்பிப் பொண்ணு குடுக்கலாம்." அடுத்த வாரம் ஒரு முணுமுணுப்புக்காரன். "வாயத் தொறந்து பாடுததுக்கு என்ன? பாதிய முழுங்குதான். சாப்பிட்டானான்னு கேளு" என்றாள். உலகமே தலையில் தூக்கிவைத்து ஆடுகிற ஆல்பம் ஒன்று இருக்கிறது என்று ரம்யா பயபக்தியோடு போட்டுக் காட்டியபோது, சீனித்தாய் பாதியிலேயே கழற்றிவிட்டாள். "இது வசதியான வீட்டுப் பையன் கோவம். சோத்துத் தட்டத் தள்ளிவிட்டுட்டு, அம்மா திரும்பக் கூப்பிடுவாளான்னு கதவுக்குப் பின்னால நிக்கான்" என்றாள். அதற்குக் கீழே கருத்துப் பகுதியில் பெரிய அடிதடியே நடந்தது. பாதிப் பேர் அம்மா சொன்னதுதான் சரி என்றார்கள். மீதிப் பேர் அம்மாவுக்கு அந்த ஆல்பத்தைக் கேட்கவே அருகதை இல்லை என்றார்கள்.

ஆறுமுகநயினாருக்கு இது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "கடைக்கு வாரவன் குடத்துக்கு வெல கேப்பான்னு பாத்தா, அடுத்து மதினி என்ன ஆல்பம் கேக்கப் போறாவன்னு கேக்கான்" என்று புலம்புவார். ஆனாலும் ஞாயிறு மத்தியானம் மின்விசிறிச் சத்தம் பதிவில் விழக்கூடாது என்று ரம்யா அதை நிறுத்தச் சொன்னால், வியர்த்து வடிய விசிறி மட்டையோடு உட்கார்ந்திருப்பார்.

சீனித்தாய்க்கு மட்டும் ஒன்று விளங்கவில்லை. இந்தக் காட்டுக் கத்தலைக் கேட்டால் தலைவலி வர வேண்டும். வரவில்லை. கேட்ட அன்றைக்கு அவளுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. இதில் என்ன இருக்கிறது என்று அவளும் யோசித்துத்தான் பார்த்தாள். பாத்திரம் கழுவும்போது யோசித்தாள், மாவு ஆட்டும்போது யோசித்தாள். பதில் கிடைக்கவில்லை.

கூடப் பிறந்த அக்கா ஒருத்தி இருந்தால் அவளிடம் சொல்லிச் சிரிக்கலாம். அக்கா இருந்தாள், குலசேகரன்பட்டினத்தில். பேச்சுவார்த்தைதான் இல்லை.

அக்கா முத்துக்கனிக்குக் குலசையில் தசரா வேஷச் சாமான் கடை. கிரீடம், சடைமுடி, சூலாயுதம் எல்லாம் விற்பாள். அவளுக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் லிங்கராஜ் தோஹாவில். இளையவன் சிவபாலன் தூத்துக்குடியில் சீனித்தாய் வீட்டில் தங்கித்தான் பாலிடெக்னிக் படித்தான். சித்தி கையால் மூன்று வேளையும் தின்று வளர்ந்த பையன். படிப்பு முடிந்து சாகுபுரத்தில் ஒரு ஆலையில் வேலைக்குச் சேர்ந்து, சில வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதத்தில் வேலை விட்டு வரும்போது பைக்கில் அடிபட்டுப் போய்விட்டான்.

சாவு வீட்டில் சீனித்தாய் அழவில்லை. ஊரே அழுதது. பெண்கள் தோளில் தோள் போட்டு வட்டமாக உட்கார்ந்து மாரடித்தார்கள். அந்தப் பக்கத்தில் துட்டிக்கு, அதாவது துக்கம் விசாரிக்க, வருகிற பெண் யாராக இருந்தாலும் இழவு கொடுத்தவளைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதுவிட்டுத்தான் உட்கார வேண்டும். பகையாளி வீடாக இருந்தாலும் அதுதான் முறை. கூடப் பிறந்தவளோ கண் காய்ந்துபோய் அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டிருந்தாள். இதையாவது அக்கா பொறுத்திருப்பாள். முத்துக்கனியே எழுந்து, "ஏளா சீனி, நம்ம புள்ளையப் பாத்தியா" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்து தங்கச்சியைக் கட்டிப் பிடித்தபோது, சீனித்தாய் அந்தக் கையை உதறிவிட்டு வெளியே போய்விட்டாள். அத்தனை பேரும் பார்த்தார்கள்.

ஏன் உதறினோம் என்று சீனித்தாய்க்கே நினைவில்லை. அந்த இரண்டு நாளும் அவளுக்குப் புகை மூட்டமாகத்தான் இருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது முத்துக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு போன் செய்தால் எடுக்கவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது சீனித்தாயின் காதுக்கு வந்தது. இல்லை என்று சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. நிஜமாகவே தான் கல்தான் போலிருக்கிறது என்று அவளும் நம்பிவிட்டாள். அந்தப் பையனை நினைத்து இன்றுவரை அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வந்ததில்லை. வராதா என்று சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்ததும் உண்டு.

இப்படி இருக்கையில்தான் அந்த ஆல்பம் வந்தது.

எங்கோ ஒரு குளிர் நாட்டில் நான்கு பெண்கள் சேர்ந்து போட்டது. 'ரெண்டாம் மாடி' என்று அர்த்தம் வருகிற பேர். ரம்யா வழக்கம்போலத் தலையும் காலும் சொல்லாமல் ஹெட்போனை மாட்டிவிட்டாள். முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு எல்லாம் சீனித்தாய் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "பொம்பளப் புள்ளைவ கத்தினா அதுல ஒரு கணக்கு இருக்கு பாத்தியா" என்றுகூடச் சொன்னாள்.

அடுத்த பாட்டு ஒரு உறுமலில் ஆரம்பித்தது. கிடாரை வாசிக்காமல் சும்மா ஆம்ப்ளிஃபயரில் சொருகி வைத்தால் ஒரு ஓசை வரும். நிற்காத, ஏறாத, இறங்காத ஓசை. அதை வேண்டுமென்றே அப்படியே விட்டிருந்தார்கள். அதற்கு மேல் டிரம் அடித்தார்கள். அதற்கும் மேல் அந்தப் பாட்டுக்காரப் பெண் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். சீனித்தாயின் சிரிப்பு போய்விட்டது. முதுகு நிமிர்ந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கத்தலை விலக்கிவிட்டு அதற்குக் கீழே எதையோ கேட்கிறவள்போல உட்கார்ந்திருந்தாள்.

நட்ட நடுவில், யாரும் எதிர்பாராத இடத்தில், எல்லாம் நின்றது. டிரம்மும் கத்தலும் உறுமலும் ஒரே வெட்டாக நின்றுபோயின.

"ஐயோ, நின்னுட்டே" என்று சீனித்தாய் எழுந்துவிட்டாள். ஹெட்போன் கழன்று தொங்கியது. சொம்பு உருண்டது. அப்புறம் அவள் அழுதாள். தேம்பலாக ஆரம்பித்து, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, மூக்கு ஒழுக, பூ கலைய, தரையில் உட்கார்ந்து அழுதாள். ரம்யாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆறுமுகநயினார் விசிறி மட்டையைக் கீழே போட்டுவிட்டு, "என்னளா செய்யுது, நெஞ்சு வலிக்கா?" என்று பதறினார்.

"ஒண்ணுஞ் செய்யல" என்றாள், அழுகைக்கு நடுவே. "எதுக்குன்னு தெரியல."

அழுது ஓய்ந்து, முகம் கழுவி வந்தவள் முதலில் கேட்ட கேள்வி இது. "ஏட்டி, அந்தப் புள்ள வீட்ல யாரு செத்தா?"

"யாருக்கும்மா தெரியும். அப்படில்லாம் ஒண்ணும் இருக்காது. இது பாட்டு."

"சும்மா எவளும் இந்த அழுக அழ மாட்டா. அவ அழுது நானும் கூட அழுதுட்டேன். இனிமே துட்டி கேக்காம இருந்தா மரியாத இல்ல." அழுத கையோடு ஒரு வார்த்தை விசாரிக்காமல் எழுந்து வரக்கூடாது என்பது அவள் அறிந்த முறை. அந்த வீடு கடல் தாண்டி இருந்தால் என்ன. நாற்காலியைத் திரும்ப இழுத்துப் போட்டு, போனைப் பார்த்து அவளே பேசினாள். "யம்மா, உன் வீட்ல தவறுனது யாருன்னு எனக்குத் தெரியாது. அம்மையா, அப்பனா, கூடப் பொறந்ததா தெரியாது. நேர்ல வர முடியாத தூரத்துல இருக்க. மனசத் தேத்திக்கோ. வேளைக்குச் சாப்பிடு. கூட ஆளு வச்சிக்கோ, தனியா இருக்காத."

போடுவதா வேண்டாமா என்று ரம்யா இரண்டு நாள் யோசித்தாள். அப்புறம் ஆங்கிலத்தில் சப்டைட்டில் எழுதிப் போட்டுவிட்டாள். அந்தக் காலத்துப் பெண்ணாக இருந்தால் பெற்றவள் அழுததை ஊருக்குக் காட்ட யோசித்திருப்பாள் என்று ஆறுமுகநயினார் முனகினார். அவரும் அதை எத்தனை தடவை பார்த்தார் என்பது வேறு விஷயம்.

வீடியோ காட்டுத்தீயாகப் பரவியது. எந்தெந்த நாட்டுக்காரர்களோ எழுதினார்கள். நானும் அதே இடத்தில்தான் அழுதேன் என்று ஒருவன். அந்தப் பாட்டு இனி எனக்கு வேறு பாட்டு என்று ஒருத்தி. கடைசியில் அந்தப் பாட்டுக்காரப் பெண்ணிடமிருந்தே ரம்யாவுக்குச் செய்தி வந்தது. ரம்யா அதை இரண்டு தடவை படித்துவிட்டு அம்மாவிடம் வந்தாள்.

"ம்மா, அவங்க வீட்ல யாரும் சாகலயாம். எல்லாரும் நல்லாருக்காங்களாம். நீ விசாரிச்சதுக்கு ரொம்ப நன்றியாம்."

"பெறவு எதுக்கு அப்படிக் கத்தினாளாம்?"

"அவங்க இருக்குற பில்டிங்ல எல்லாருக்கும் பொதுவா ஒரு வாஷிங் மெஷின் இருக்காம். துணிய உள்ள போட்டு சோப்புத் தண்ணியோட பாதியில நின்னுட்டாம். வீட்டு ஓனர் ரிப்பேர் பண்ணித் தரலயாம். அந்தக் கோவத்துல எழுதுன பாட்டாம்."

சீனித்தாய் மகளையே பார்த்தாள். "துணி தொவைக்கிற மெஷினா?"

"ஆமா."

"அதுக்கா நான் அழுதேன்?"

இரண்டு நாள் சீனித்தாய் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஒரு தாம்பாளத்தில் மாப்பிள்ளை பேர் வர வேண்டிய இடத்தில் பெண் பேரை வெட்டிக் கெடுத்தாள். வெட்கமாக இருந்தது. அதைவிடக் குழப்பமாக இருந்தது. தூக்கி வளர்த்த பிள்ளைக்கு வராத கண்ணீர், யாரோ ஒருத்தியின் அழுக்குத் துணிக்கு அருவியாகக் கொட்டியிருக்கிறது. தன் புத்தியிலேயே ஏதும் கோளாறோ என்று பயந்தாள்.

இது குலசைக்கு எட்டாமல் இருக்குமா. எட்டியது.

ஒரு முற்பகலில், கடையில் சீர்ப் பாத்திரம் எடுக்க ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தபோது, முத்துக்கனி படியேறி வந்தாள். பஸ்ஸில் வந்த கசங்கல் அப்படியே சேலையில் இருந்தது. கையில் போன். சீனித்தாயின் கையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"வாங்க மதினி" என்று ஆறுமுகநயினார் எழுந்து ஸ்டூலைத் தள்ளினார். முத்துக்கனி உட்காரவில்லை.

"லிங்கராஜ் பொண்டாட்டி காமிச்சா" என்றாள் தங்கச்சியைப் பார்த்து. குரலை உயர்த்தவே இல்லை. "ஊர்பேர் தெரியாதவளுக்கெல்லாம் துட்டி கேக்குத ஆளாயிட்ட. சந்தோசம். என் மவனுக்கு ஒரு சொட்டு விட உனக்கு முடியலல்லா."

"யக்கா, மேல வா, மேல போயிப் பேசுவோம்."

"மேல என்ன, கீழ என்ன. அன்னைக்குக் கைய உதறினது அத்தன பேருக்கு முன்னாலதான. நானும் நெனச்சேன், அவளுக்கு அழுகையே வராது போல, பொறவியே அப்படின்னு. அப்படி நெனச்சி ஆறிக்கிட்டேன். இப்பம்லா தெரியுது. அழுகை இருக்கு. எங்களுக்குத்தான் இல்ல."

பாத்திரம் எடுக்க வந்தவர்கள் குடத்தையும் தாம்பாளத்தையும் பார்க்கிறவர்கள்போல ஒதுங்கினார்கள். சீனித்தாய்க்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. அக்கா சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அழுகை இருந்தது. அவள் பிள்ளைக்கு வரவில்லை.

"அந்தப் பாட்டப் போடச் சொல்லு" என்றாள் முத்துக்கனி. "அப்படி என்னதான் இருக்குன்னு நானும் கேக்கேன்."

இருவரும் மாடி ஏறினார்கள். அன்றைக்கு ரம்யா வீட்டில் இருந்துதான் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியம்மாவைக் கண்டதும் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தாள். ஹெட்போன் ஒன்றுதான் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள். முத்துக்கனி கட்டிலின் ஓரத்தில், சாட்சி சொல்ல வந்தவளைப்போல விறைப்பாக உட்கார்ந்தாள். சீனித்தாய் எதிரே அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில்.

உறுமல் ஆரம்பித்தது. பின்னாலேயே டிரம். அந்தப் பெண் கத்தினாள்.

முத்துக்கனி முகம் சுளித்தாள். "இதா? இரைச்சலு. இதுல அழ என்ன இருக்கு? நாயி குலைக்குத மாதிரி இருக்கு."

"எனக்கும் தெரியலக்கா. சத்தியமாத் தெரியல" என்றாள் சீனித்தாய்.

கத்தல் ஏறிக்கொண்டே போய், நடுவில் எல்லாம் ஒரே வெட்டாக நின்றது.

ஸ்பீக்கரில் நின்ற அந்தக் கணத்தில் சீனித்தாய் எழுந்திருந்தாள். எழுந்ததோடு விடவில்லை. விறுவிறுவென்று சுவர் ஓரம் போய், ஸ்பீக்கர் பிளக்கை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை ஸ்விட்ச்சில் வைத்துக்கொண்டு நின்றாள். திரும்பப் பாட்டு தொடங்கியது. அவள் கை எடுக்கவில்லை.

"ம்மா, என்ன செய்யுத? கரண்ட் இருக்கு. பாட்டே அப்படித்தான், நடுவுல நிப்பாட்டிருவாங்க" என்றாள் ரம்யா.

சீனித்தாய் தன் கையைப் பார்த்தாள். ஸ்விட்ச்சைப் பார்த்தாள். தான் எப்படி இங்கே வந்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் இந்தக் கை இதே மாதிரி ஒரு சுவரில் நின்றது தெரிந்தது. மெள்ள மெள்ள, ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

"யக்கா" என்றாள் சுவரைப் பார்த்தபடியே. "புள்ளைய ஃப்ரீசர் பெட்டில வச்சிருந்தோம்லா."

முத்துக்கனி நிமிர்ந்து பார்த்தாள்.

"லிங்கராஜ் தோஹாவுலருந்து வந்து சேர மறுநாள் ஆயிரும்னாவ. சித்திர வெயிலு. கரண்டு வேற வந்து வந்து போவுது. பெட்டி கொண்டாந்தவன் என்னக் கூப்பிட்டுச் சொன்னான். இது பழைய மோட்டாரு, கரண்டு போனா நின்னுரும், நின்ன ஒடனே ஜெனரேட்டர்ல மாத்தி விடணும், லேட்டானா முகம் மாறிரும்னு. ஆம்பளையெல்லாம் பேப்பர் வாங்க ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேசனுக்கும் அலையுதாவ. வேற யாரு இருக்கா? நான் பாத்துக்கிடுதேன்னுட்டேன்."

அவள் திரும்பினாள். கண் காய்ந்துதான் இருந்தது.

"அந்த மோட்டார் சத்தம் இப்படித்தான் இருந்திச்சு. பாட்டுல முதல்ல வருதுலா, அதேதான். அத்தன பேரு மாரடிச்சி அழுதுக்கிட்டிருக்கிய. அதுக்குள்ள அந்தச் சத்தம் கேக்கணும். நின்னுட்டா தெரியணும். நான் அதையேதான் கேட்டுக்கிட்டிருந்தேன்க்கா, புள்ளைய எடுக்குத வரைக்கும். அழுதா சத்தம் கேக்காதுன்னு அழல."

ரம்யா பாட்டை நிறுத்தப் போனாள். முத்துக்கனி கையைக் காட்டி வேண்டாம் என்றாள்.

"அப்பம் நான் உன்னக் கட்டிப்பிடிச்சது?" என்று கேட்டாள்.

"நீ கட்டிப்பிடிச்ச. பிடிக்கையிலதான் நின்னுச்சு. மோட்டாரு. நான் ஜெனரேட்டருக்கு ஓடினேன்." சீனித்தாய் நிறுத்தி, மூச்சு வாங்கினாள். "நான் உதறுனது எனக்கே எதுக்குன்னு மறந்துபோச்சு. நீங்க எல்லாரும் கல்நெஞ்சுன்னு சொன்னிய. நானும் ஆமான்னு இருந்துட்டேன்."

இதைக் கேட்டதும் முத்துக்கனி ஓடிவந்து தங்கச்சியைக் கட்டிக்கொண்டாள் என்று சொன்னால் கதைக்கு நன்றாகத்தான் இருக்கும். அவள் அப்படிச் செய்யவில்லை. கட்டிலில் இருந்தபடி, இத்தனை வருடமாகத் தூக்கிச் சுமந்த கோபத்தை இனி எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாதவளாகத் தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் அவளுக்கு ஒரு துணையாக இருந்திருக்கிறது. அது இல்லாமல் பிள்ளையை நினைப்பது எப்படி என்று அவளுக்குப் புதிதாக இருந்தது. கீழே கடையில் ஆறுமுகநயினார் யாரிடமோ குடத்துக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

"முகம் மாறல" என்றாள் முத்துக்கனி.

"என்னக்கா?"

"லிங்கராஜ் வந்து பாத்தான்லா. கண்ணாடியத் தொறந்து. தூங்குத மாதிரிதான் இருந்தான். நம்ம அம்மா மாதிரியே நெத்தியில அந்தச் சுருக்கம்கூட அப்படியே இருந்திச்சு. தம்பி கோவமா இருக்கானேம்மான்னு லிங்கராஜ் சொன்னான். எப்படி இவ்வளவு வெயில்ல ஒண்ணும் ஆவலன்னு நான் நெனைக்கவே இல்ல பாத்துக்கோ. சாமி புண்ணியம்னு இருந்துட்டேன்."

பாட்டு முடிந்து அடுத்தது ஆரம்பித்திருந்தது. அந்தப் பெண் இப்போது வேறு எதற்கோ கத்திக்கொண்டிருந்தாள். எதற்கென்று யாரும் ரம்யாவைக் கேட்கவில்லை.

முத்துக்கனி கட்டிலில் நகர்ந்து இடம் விட்டாள். "வா" என்றாள். சீனித்தாய் போய் உட்கார்ந்தாள். முத்துக்கனி முறைப்படி ஒரு கையைத் தங்கச்சி தோளில் போட்டு, அவள் தலையைத் தன் தலையோடு சேர்த்தாள். சாவு வீட்டில் உட்காருகிற மாதிரியேதான்.

"இப்பம் அழு" என்றாள். "இங்கன மோட்டாரு ஒண்ணும் ஓடல."

சீனித்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். சிவபாலனை நினைத்தாள். தட்டில் கெட்டித் தயிர் விழும் வரைக்கும் எழுந்திருக்க மாட்டான். கல்யாணச் சொம்புகளில் அவள் வெட்டிய பேர்களை உரக்கப் படித்துக் கேலி செய்வான். எல்லாம் நினைத்தாள். கண் எரிந்தது, நனையவில்லை. அக்கா காத்திருக்கிறாள் என்பது வேறு பதற்றமாக இருந்தது. இதுகூட உனக்கு வராதா என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

"வரலக்கா" என்றாள் கடைசியில். அவமானமாக இருந்தது. "அன்னைக்கு அவ்வளவு வந்துச்சு. இப்பம் வர மாட்டேங்குது. ஏன்னு தெரியல."

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். முத்துக்கனி தங்கச்சியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக் கீழே உட்கார்த்தினாள்.

"வராட்டாப் போவுது" என்றாள். "கைய மட்டும் எடுத்துராதளா."